கோல்டு ப்ரூ ஐஸ் டீ: இலைக்கு ஒரு நேரம், பழத்துக்கு ஒரு நேரம்

உங்கள் கேள்வி இதுதான்: ஒரு பெரிய பாட்டிலில் டீ பேக், ஆரஞ்சு வட்டங்கள், ஸ்ட்ராபெரித் துண்டுகள் எல்லாவற்றையும் போட்டு, தண்ணீர் ஊற்றி, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறீர்கள். காலையில் எடுத்துக் குடித்தால் கசக்கிறது. பழத்தின் மணமும் பெயருக்குத்தான் இருக்கிறது. சரியாகப் போடுவது எப்படி, எத்தனை நாள் வைத்துக் குடிக்கலாம் என்று கேட்கிறீர்கள்.

முதலில் டீயின் மேல் பழி போடாதீர்கள். அந்தக் கசப்பில் பெரும்பங்கு ஆரஞ்சுடையது. ஆரஞ்சின் தோலுக்கும் சுளைக்கும் நடுவில் வெள்ளையாக, பஞ்சு மாதிரி ஒரு படலம் இருக்கிறதே, அது இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறினால் கசப்பை விடும். போதாததற்கு ஆரஞ்சுக்கு இன்னொரு குணமும் உண்டு. பழத்தின் திசுக்களில் ருசியே இல்லாத ஒரு பொருள் இருக்கிறது. வெட்டும்போது அது சாற்றின் புளிப்போடு கலந்து, நேரம் போகப் போக லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறுகிறது. வெட்டியவுடன் தின்றால் இனிக்கிற ஆரஞ்சு, சாறு பிழிந்து சில மணி நேரம் வைத்தால் கசப்பது இதனால்தான். நீங்கள் கொடுத்ததோ ஒரு முழு இரவு.

பழ மணம் வராததற்குக் காரணம் வேறு. முழுசாகவோ பெரிய துண்டாகவோ போட்ட பழம் குளிர்ந்த நீரில் எளிதில் சாற்றை விடாது. பழத்தின் செல்கள் உடையாமல் இருக்கிறவரை மணமும் இனிப்பும் உள்ளேயேதான் கிடக்கும்.

ஆக, இலையையும் பழத்தையும் ஒரே நேரத்தில் போட்டு ஒரே நேரத்தில் எடுப்பதுதான் கோளாறு. இலைக்கு நிதானமாக ஊற நேரம் வேண்டும். பழத்துக்கு நேரத்தைவிட முன்தயாரிப்புதான் முக்கியம். டீயை முதலில் ஊறவைத்து, இலையை வடிகட்டி எடுத்துவிட்டு, அதன்பிறகு பழத்தைச் சேருங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே பாதிப் பிரச்சினை போய்விடும்.

இனி இலைப் பக்கம். கொதிக்கிற நீர் தேயிலையில் இருப்பதையெல்லாம் வேகமாக இழுத்துக்கொண்டு வந்துவிடும். துவர்ப்பும் கசப்பும் தருகிற கேட்டகின் வகைப் பொருட்களும் கஃபீனும் சூட்டில் தாராளமாக இறங்கும். குளிர்ந்த நீரில் அவை மெதுவாகத்தான் இறங்கும். மெல்லிய இனிப்பும் ஒருவித நிறைவான ருசியும் தருகிற அமினோ அமிலங்களுக்கோ சூடு அவ்வளவு அவசியமில்லை. அதனால்தான் கோல்டு ப்ரூ டீ, அதாவது கொதிக்கவைக்காமல் குளிர்ந்த நீரிலேயே ஊறவைத்து எடுக்கிற டீ, சர்க்கரை போடாமலேயே லேசாக இனிக்கிற மாதிரி இருக்கும். கஃபீன் குறைவு என்பதை வைத்து ‘இதில் கஃபீனே இல்லை’ என்று நினைத்து இரவு படுக்கும்முன் குடிக்க வேண்டாம். ஊறுகிற நேரம் கூடக் கூட அதுவும் ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

இன்னொரு லாபம், தெளிவு. சூடாகப் போட்ட கட்டி டிகாக்‌ஷனை ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்தால், அடுத்த தடவை திறக்கும்போது பால் ஒரு சொட்டு விழுந்த மாதிரி கலங்கியிருக்கும். கெட்டுப்போகவில்லை. சூட்டில் கரைந்திருந்த கஃபீனும் டீக்குத் துவர்ப்புத் தருகிற பாலிஃபீனால்களும் குளிர்ந்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிந்து நிற்கின்றன, அவ்வளவுதான். கொஞ்சம் கொதிநீர் ஊற்றினால் மறுபடி தெளியும். கோல்டு ப்ரூவில் அந்த அளவுக்கு அவை இறங்குவதே இல்லை என்பதால் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். பழம் போட்ட டீயைக் கண்ணாடி டம்ளரில் கொடுக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

அளவு: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 8 முதல் 10 கிராம் தேயிலை. ஒரு டீ பேக்கில் பொதுவாக 2 கிராம் அளவுக்கு இருக்கும், எனவே நான்கைந்து பேக். ஸ்பூன் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். உருண்டையாகச் சுருட்டிய ஊலாங் (கிரீன் டீக்கும் பிளாக் டீக்கும் இடைப்பட்ட ரகம்) ஒரு ஸ்பூன் எடுத்தால் கனமாக இருக்கும், விரிந்த வெள்ளைத் தேயிலை ஒரு ஸ்பூன் எடுத்தால் காற்றுதான் இருக்கும். சின்ன சமையல் தராசு இருந்தால் அதில் நிறுத்துவிடுங்கள். இலை நன்றாக விரிய இடம் வேண்டும் என்பதால் சின்ன உருண்டை வடிகட்டிக்குள் இலையை அடைக்க வேண்டாம். ஜாடியில் நேராகப் போட்டு, பிறகு வடிகட்டுவது மேல்.

நேரம், ஃபிரிட்ஜுக்குள் வைத்தால்: கிரீன் டீ 4 முதல் 6 மணி நேரம், வெள்ளைத் தேயிலை 6 முதல் 8, ஊலாங்கும் பிளாக் டீயும் 8 முதல் 12. இது முழு இலைக்கான கணக்கு. டீ பேக்கில் இருப்பது பெரும்பாலும் பொடி ரகம், அது சீக்கிரம் இறங்கிவிடும். ஆகவே பேக் போட்டால் இந்த நேரத்தில் குறைந்த பக்கத்திலிருந்து ருசி பார்க்க ஆரம்பியுங்கள். பால் டீக்குப் பயன்படுத்துகிற குருணைத் தூள் இதற்குத் தோதுப்படாது என்பது என் அபிப்பிராயம். பாலும் சர்க்கரையும் தாங்குகிற அளவு அழுத்தமாக இறங்குவதற்காகச் செய்த தூள் அது. குளிர்ந்த நீரில் போட்டால் நிறம் வேகமாக வந்துவிடும், அடியில் வண்டல் தங்கும், மணம் மட்டும் தேட வேண்டியிருக்கும். அதுதான் கையில் இருக்கிறது என்றால் 3 மணி நேரத்துக்குமேல் விடாமல் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். எந்த ரகமானாலும் வடிகட்டும்போது இலையையோ பேக்கையோ பிழியாதீர்கள். அத்தனை நேரம் பொறுமையாகத் தவிர்த்த துவர்ப்பு அந்த ஒரு பிழிவில் வந்து சேரும்.

தண்ணீர் பற்றி இரண்டு வார்த்தை. குளோரின் வாடை இருந்தால் அது அப்படியே டீயில் தெரியும், ஏனென்றால் நாம் கொதிக்கவைத்து விரட்டவில்லை. கடினநீரில் டீ மங்கலாகவும் ருசி தட்டையாகவும் வரும். வடிகட்டிய குடிநீர் போதும்.

பழத்துக்கு வருவோம். இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஒரு லிட்டர் டீக்கு 200 முதல் 250 கிராம் பழம் தேவை. நாலு துண்டு மிதக்கவிட்டால் அது படம் எடுப்பதற்கான பழம், குடிப்பதற்கான பழம் அல்ல. அளவு சரியாக இருந்தாலும் செல்களை உடைக்காமல் சாறு வராது. அதற்கு மூன்று வழி இருக்கிறது.

எனக்குப் பிடித்த முதல் வழி, பழத்தை உறையவைத்து எடுப்பது. ஸ்ட்ராபெரி, மாம்பழம், பீச், அன்னாசி, செர்ரி எதுவானாலும் துண்டு போட்டு ஃப்ரீசரில் முழுவதும் இறுகும்வரை வைத்து, பிறகு ஒரு கிண்ணத்தில் ஃபிரிட்ஜுக்குள் இளகவிடுங்கள். உள்ளே இருக்கிற நீர் பனிக்கட்டியாக மாறும்போது செல்சுவர்களைக் கிழித்துவிடும். இளகிய ஸ்ட்ராபெரியை விரலால் தொட்டுப் பார்த்தால் தெரியும்: உருவம் அப்படியே இருக்கும், உள்ளே மட்டும் தொளதொளவென்று இருக்கும், கிண்ணத்தின் அடியில் சிவந்த சாறு தேங்கியிருக்கும். அந்தச் சாறோடு சேர்த்து டீயில் போட்டால் ஒரு மணி நேரத்திலேயே மணம் ஏறிவிடும். கடையில் உறையவைத்தே விற்கிற பழம் வாங்கினால் வேலை இன்னும் சுலபம். பழக்காலம் இல்லாத மாதங்களில் வரும் வெளிறிப்போன ‘புதிய’ பழத்தைவிட அது பல சமயம் ருசியாகவே இருக்கும்.

இரண்டாவது, சர்க்கரையில் புரட்டுவது. 200 கிராம் பழத்துக்கு 2 டேபிள்ஸ்பூன் சர்க்கரை தூவி அரை மணி நேரம் வையுங்கள். சர்க்கரை பழத்திலிருந்து நீரை வெளியே இழுக்கும். கிடைப்பது ஒரு நல்ல பழப்பாகு. அதை அப்படியே டீயில் கலந்தால் இனிப்புக்கும் தனியாக ஒன்றும் சேர்க்கத் தேவையில்லை. மூன்றாவது, மத்தாலோ மரக்கரண்டியாலோ மசித்து, டீயில் கலந்து, 20 நிமிடத்தில் வடிகட்டிவிடுவது. அவசரத்துக்கு இது. கொஞ்சம் கலங்கலாக வரும், ருசிக்குக் குறையிருக்காது.

எல்லாப் பழமும் இதற்கு ஒத்துவருமா என்றால், வராது. பெரி வகைகள், பீச், அன்னாசி, மாம்பழம், மாதுளை எல்லாம் நன்றாக விட்டுக்கொடுக்கும். திராட்சையை முழுசாகப் போட்டால் தோல் எதையும் வெளியே விடாது, பாதியாக வெட்டி நசுக்க வேண்டும். ஆப்பிள் ஏமாற்றும். மணம் மெல்லியது, வெட்டிய சிறிது நேரத்தில் பழுப்பாகிவிடும். ஆப்பிள் ருசி வேண்டுமென்றால் துண்டுகளை விட்டுவிட்டு ஆப்பிள் சாறு கலப்பதே நேர்மையான வழி. வாழைப்பழம் வேண்டவே வேண்டாம், குழகுழப்புதான் மிஞ்சும்.

எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளுக்குத் தனி நடைமுறை. இவற்றின் மணம் முழுக்கத் தோலின் மேற்பரப்பில் இருக்கிற எண்ணெய்ப் புள்ளிகளில் இருக்கிறது. கசப்பு அதற்குக் கீழே இருக்கிற வெள்ளைப் பகுதியில். எனவே பழத்தை நன்றாகக் கழுவி, காய் சீவும் கருவியால் நிறத்தோலை மட்டும் மெல்லிய நாடாக்களாக எடுங்கள். அந்த நாடாக்களைச் சர்க்கரையோடு கையால் பிசைந்து மூடிவைத்தால், சில மணி நேரத்தில் சர்க்கரை ஈரமாகி எண்ணெய் மினுமினுப்போடு நிற்கும். கிண்ணத்தின் மூடியைத் திறந்தவுடன் மணம் முகத்தில் வந்து அடிக்கும். அதில் சிறிது சூடான தண்ணீர் விட்டுக் கரைத்து வடிகட்டினால், எந்தக் கசப்பும் இல்லாத ஆரஞ்சுப் பாகு கிடைத்துவிடும். சாறு வேண்டுமானால் குடிக்கப்போகும் நேரத்தில் பிழிந்துகொள்ளுங்கள். வட்டவட்டமாக வெட்டிய துண்டுகள் அழகுக்காகத்தான் வேண்டும் என்றால் பரிமாறும்போது டம்ளரில் போடுங்கள், ஜாடியில் ஊற வேண்டாம்.

பிளாக் டீயில் எலுமிச்சை பிழியும்போது செம்பழுப்பு நிறம் சட்டென்று பொன்னிறமாக வெளுப்பதைப் பார்த்துப் பலர் டீ நீர்த்துவிட்டது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நிறம் தருகிற பொருட்கள் புளிப்பில் தங்கள் அழுத்தத்தை இழக்கின்றன, டீயின் திடம் அப்படியேதான் இருக்கிறது. கிரீன் டீக்கோ எலுமிச்சை காவல். வெறும் கிரீன் டீ ஒரு நாள் போனால் காற்றுப் பட்டுப் பழுப்படிக்கும், சில துளி எலுமிச்சைச் சாறு அதைத் தாமதப்படுத்தும்.

எந்த டீக்கு எந்தப் பழம் என்பதற்குச் சட்டம் இல்லை. ஆனாலும் அழுத்தமான டீக்கு அழுத்தமான பழம் என்று போனால் தவறாது. பிளாக் டீக்கு பீச், மாம்பழம், செர்ரி, ஆரஞ்சுத் தோல். கிரீன் டீக்கு அன்னாசி, எலுமிச்சை, கூடவே புதினா. லேசாக வறுத்த ஊலாங்கில் பீச் போட்டுப் பாருங்கள், அந்த ஜோடி எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட மேல். வெள்ளைத் தேயிலை மிக மென்மையானது, ராஸ்பெரி போன்ற கூர்மையான பழம் அதை விழுங்கிவிடும். புதினா, துளசி மாதிரி இலைகளைக் கசக்காமல் உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டு தட்டிப் போட்டு, ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். இரவு முழுக்கக் கிடந்தால் கருத்து, பச்சைத்தழை வாடை அடிக்கும். இஞ்சி மட்டும் விதிவிலக்கு. இரண்டு மூன்று மெல்லிய வில்லைகளைத் தேயிலையோடு சேர்த்தே இரவு முழுக்க விடலாம், மிதமான காரம்தான் இறங்கும்.

சர்க்கரை குளிர்ந்த டீயில் லேசில் கரையாது, அடியில் மணலாகத் தங்கும். சம எடை சர்க்கரையும் தண்ணீரும் எடுத்து, சூடாக்கிக் கரைத்து, ஆறவைத்த பாகை ஒரு பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜில் இரண்டு வாரம் தாங்கும். தேனையும் இப்படியே வெதுவெதுப்பான நீரில் இளக்கித்தான் சேர்க்க வேண்டும். ஒரு சின்னக் கணக்கு: மிகக் குளிர்ந்த பானத்தில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும். அறைவெப்பத்தில் ருசி பார்த்து அளவு வைத்தால் ஐஸ் போட்டபின் சப்பென்று இருக்கும். பரிமாறுகிற குளிர்ச்சியிலேயே ருசி பாருங்கள்.

ஐஸ் கரைந்து டீ நீர்த்துப்போவதற்கு மருந்து, டீயையே கட்டியாக்குவது. வடிகட்டிய டீயில் ஒரு பங்கை எடுத்து ஐஸ் தட்டில் ஊற்றி உறையவையுங்கள். அல்லது உறைந்த பழத்துண்டுகளையே ஐஸுக்குப் பதிலாகப் போடலாம். சோடாவோடு குடிக்கப் பிடிக்கும் என்றால் ஒரு லிட்டருக்கு 16 முதல் 20 கிராம் தேயிலை போட்டு இரட்டைத் திடமாக எடுத்து, டம்ளரில் பாதி டீ, பாதி குளிர்ந்த சோடா ஊற்றுங்கள். சோடா கடைசியில்தான், ஊற்றியபின் அதிகம் கலக்காமல்.

இனி எத்தனை நாள் என்ற கேள்வி. இதை அலட்சியமாகப் பார்க்க வேண்டாம். கோல்டு ப்ரூவில் கிருமியைக் கொல்கிற சூடு எந்தக் கட்டத்திலும் இல்லை. நம்மிடம் இருக்கிற ஒரே பாதுகாப்பு குளிர்தான். 5 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் பாக்டீரியா வேகமாகப் பெருகும். ஆகவே ஊறவைப்பது ஆரம்பத்திலிருந்தே ஃபிரிட்ஜுக்குள் இருக்க வேண்டும். சமையல் மேடையில் இரவு முழுக்க வைக்கிற முறையும், ஜாடியை வெயிலில் வைத்து ஊறவைக்கிற முறையும் எனக்கு ஒப்புதல் இல்லை. வெயிலில் தண்ணீர் கிருமி சாகிற அளவு சூடாவதில்லை, அவை வளர்வதற்குச் சுகமான சூட்டுக்கு வந்து நின்றுவிடுகிறது.

பழம் சேராத கோல்டு ப்ரூ டீ, மூடிய சுத்தமான கண்ணாடி பாட்டிலில் 3 நாள் நன்றாக இருக்கும். பழம் சேர்ந்துவிட்டால் 24 மணி நேரத்துக்குள் குடித்துவிடுவது நல்லது. பழத்துண்டுகளை 4 மணி நேரத்துக்குள் வடிகட்டி எடுத்துவிட்டால் இரண்டாம் நாள்வரை போகலாம். மேசையில் பரிமாறி 2 மணி நேரம் வெளியே நின்ற ஜாடியை மறுபடி ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம். ஊற்றும்போது எண்ணெய் மாதிரி நூல்விட்டு வடிந்தாலோ, சேர்க்காத நுரை வந்தாலோ, புளித்த வாடை அடித்தாலோ ருசிகூடப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

எல்லாப் பழத்துக்கும் ஆபத்து ஒரே அளவு இல்லை. எலுமிச்சை, பெரி, அன்னாசி போன்ற புளிப்புப் பழங்கள் கிருமிகளுக்கு அவ்வளவாக இடம் கொடுக்காது. தர்பூசணியும் முலாம்பழமும் அமிலம் குறைந்தவை. முலாம்பழத்தின் சொரசொரப்பான தோலில் அழுக்கு தங்கும், கத்தி உள்ளே போகும்போது அதையும் இழுத்துக்கொண்டு போகும். வெட்டும்முன் ஓடும் நீரில் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். இந்த இரண்டையும் ஊறவைக்காமல், சாறெடுத்து, அன்றைக்கே கலந்து, அன்றைக்கே முடித்துவிடுவதுதான் என் வழக்கம்.

செம்பருத்தி, கெமோமைல் மாதிரி மூலிகை ‘டீ’ வகைகளில் பல வெறுமனே உலர்த்தப்பட்டவை, தேயிலை போலச் சூட்டில் பக்குவப்பட்டவை அல்ல. அவற்றை முழுக்கக் குளிர்ந்த நீரில் ஊறவைப்பதைவிட, கொதிநீரில் 5 நிமிடம் ஊறவைத்து, வடிகட்டி, வேகமாக ஆறவைத்துப் பழம் சேர்ப்பது பாதுகாப்பு. கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் குடிக்கப்போகிறார்கள் என்றால் எந்த டீக்கும் இதே வழிதான்.

நடுவில் ஒரு சமாளிப்பு முறையும் உண்டு. தேயிலை மூழ்கும் அளவு மட்டும் சூடான நீர் ஊற்றி அரை நிமிடம் விட்டு, உடனே மீதிக் குளிர்ந்த நீரைச் சேர்த்து ஃபிரிட்ஜில் வைப்பது. சுருண்ட இலை விரிந்துகொடுக்கும், மணம் தூக்கலாக வரும், ஊறும் நேரமும் குறையும். கொஞ்சம் துவர்ப்பு கூடும், எனக்கு ஊலாங்கில் அது பிடிக்கவும் செய்கிறது. ஆனால் இதைக் கிருமி நீக்கம் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

பழம் போட்ட டீ உடலைச் ‘சுத்திகரிக்கும்’, வைட்டமின் கொட்டும் என்றெல்லாம் சொல்வதைக் கண்டுகொள்ளாதீர்கள். நீரில் இறங்குகிற சத்து சொற்பம், நார்ச்சத்து பழத்தோடேயே தங்கிவிடுகிறது. சர்க்கரை குறைந்த குளிர்பானம் என்பதே இதற்குப் போதுமான தகுதி.

உங்களிடம் இருக்கிற அதே ஆரஞ்சும் ஸ்ட்ராபெரியும் வைத்து இந்த வாரம் செய்து பார்க்க வேண்டுமானால்: இரவு 4 பிளாக் டீ பேக்கை ஒரு லிட்டர் குளிர்ந்த நீரில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். ஆரஞ்சின் நிறத்தோலைச் சீவி 3 டேபிள்ஸ்பூன் சர்க்கரையில் பிசைந்து அதையும் உள்ளே வையுங்கள். 250 கிராம் ஸ்ட்ராபெரியை நறுக்கி ஃப்ரீசரில் போடுங்கள். தோல் சீவிய ஆரஞ்சை மூடிவைத்துக்கொள்ளுங்கள், சாறு அப்புறம் வேண்டும். காலையில் பேக்குகளைப் பிழியாமல் எடுத்துவிட்டு, ஸ்ட்ராபெரியை ஃப்ரீசரிலிருந்து ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள். அது இளகியதும் சாறோடு டீயில் சேர்த்து, ஒரு மணி நேரம் கழித்து வடிகட்டுங்கள். ஆரஞ்சுச் சர்க்கரையைக் கால் டம்ளர் சுடுநீரில் கரைத்து, வடிகட்டி, ஆறியதும் டீயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி ருசி பாருங்கள், முழுவதும் தேவைப்படாமல் போகலாம். பாதி ஆரஞ்சின் சாறு பரிமாறுவதற்குச் சற்று முன்னால். வடிகட்டியில் மிஞ்சிய ஸ்ட்ராபெரி நிறம் வெளுத்து, ருசி இறங்கித்தான் இருக்கும். தூக்கிப் போட வேண்டாம், தயிரில் அடித்துக்கொள்ள அது தாராளமாகப் போதும்.